பாழ்மனையும் படப்பெட்டியும்

குடியிருக்கும் வீட்டைப் பார்க்கவென்று எவரும் புறப்படுவதில்லை. அங்கே இருப்போரைப் பார்க்கவே செல்கின்றோம். வீடு வெறுமையாகிக் கூரையும் இழந்த பின்னரோ, அதனை அதற்காகவே பார்க்கச் செல்வார் உளர். கையிலே படப்பெட்டியும் காலிலே தடித்த சப்பாத்துமாகப் பாழடைந்த தொழிற்சாலைகளையும் மாளிகைகளையும் தேடித் திரிவோர் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் காணப்படுகின்றனர். இவ்வார்வம் நம் நகருக்கும் வந்துவிட்டது.

எம்மிடம் தமிழ் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், ஒருநாள் தாம் கைத்தொலைபேசியிற் பிடித்த படங்களை எமக்குக் காட்டினர். யாவும் யாழ்ப்பாண நகரத்துப் பாழ்மனைகளின் படங்கள். ஆலம்வேர் சுவரைத் தழுவி இறங்குகின்றது. கதவு போன வாயிலூடாக மறுபுறத்து வானம் தெரிகின்றது. நடுமுற்றத்திலே பப்பாசி மரம் காய்த்து நிற்கின்றது. படங்கள் அழகியவை, அதில் ஐயமில்லை. “இஃது எவருடைய வீடு?” என வினவினோம். எவரும் விடை கூறவில்லை. “எந்தத் தெரு?” என வினவினோம். இருவர் இரு வேறு தெருக்களின் பெயரைக் கூறினர். அவ்விரு வினாக்களுமே இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணம். பாழடைந்த கட்டடங்களை ஏன் படம் பிடித்தல் வேண்டும், எவ்வாறு பிடித்தல் வேண்டும், யார்பொருட்டுப் பிடித்தல் வேண்டும் என்பவற்றை, எமக்குத் தெரிந்த அளவில் இவ்விழா மலரிலே எழுத முற்படுகின்றோம்.

முன்னோர் செய்தவை

பாழ்பட்ட ஊரைப் பற்றிப் பேசுதல் தமிழுக்குப் புதிதன்று. புறப்பொருள் இலக்கணத்திலே கொற்றவள்ளை என்றொரு துறை உண்டு. வேந்தன் புகழைச் சொல்லி, அவனாற் பகைவர் நாடு அழிந்தமைக்கு இரங்குவது அத்துறை. பட்டினப்பாலையிலும், கரிகாலனாற் பாழாகிய ஊர்களின் நிலை விரித்துரைக்கப்படுகின்றது. இவற்றைக் கற்கும் மாணவர் ஒன்றை உற்றுநோக்குதல் வேண்டும். இரக்கம் அங்கே உண்டு. ஆயினும் பாட்டு வென்றவனைச் சார்ந்தே நிற்கின்றது. அழிந்த மனையில் வாழ்ந்தவன் யார், அவன் எங்கே போனான் என்பன அப்பாட்டுக்கு வேண்டியன அல்ல. இதனைக் குறையாகக் கூறவில்லை. அத்துறையின் நோக்கம் வேறு. ஆனால், படப்பெட்டியோடு பாழ்மனைக்குட் புகும் நாம் எவர் பக்கத்தில் நின்று பார்க்கின்றோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் நன்று.

ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 ஆம் ஆண்டிலாகும். அதன்பின் 12 ஆண்டுகள் செல்ல, 1851 இல், பிரான்சு நாட்டு அரச ஆணைக்குழுவொன்று ஐந்து படப்பிடிப்பாளரைத் தேர்ந்து, நாட்டின் பழங்கட்டடங்களைப் பதிவுசெய்யுமாறு பல திசைகளுக்கும் அனுப்பியது. 1875 இல் இலண்டன் மாநகரிலே, ஒக்ஸ்போர்ட் ஆம்ஸ் என்னும் பழைய சத்திரம் இடிக்கப்படவிருந்தபோது, அதனைக் காக்க இயலாதென உணர்ந்தோர் சிலர், அதன் உருவையேனும் காப்போம் எனக் கூடினர். மறையவிருக்கும் பழைய இலண்டனைப் படம் பிடித்தலே அவர்தம் கழகத்தின் வேலையாயிற்று. 1886 வரை அவர்கள் வெளியிட்ட படங்கள் 120. எளிதில் மங்காத அச்சுமுறையையே அவர்கள் தேர்ந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. அச்சத்திரம் இன்று இல்லை. அதன் மரத்தாலான மாடிவரிசைகள் எவ்வாறு இருந்தன என்பதை இன்றும் காணலாம்.

இலங்கையும் இம்முயற்சியிற் பின்தங்கவில்லை. 1870, 1871 ஆம் ஆண்டுகளிலே யோசெப் லோட்டன் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர், அரசாங்கத்தின் பொருட்டு அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா முதலிய இடங்களின் பாழ்களைப் படம் பிடித்தார். அந்நாளிலே கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, அஃது உலருமுன்னரே படம் பிடித்து, அப்பொழுதே இருட்டறையிற் கழுவியும் முடித்தல் வேண்டும். ஆதலின் இருட்டுக்கூடாரத்தையும் கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் போத்தல்களையும் காட்டினூடே சுமந்து செல்லவேண்டியிருந்தது. பின்னர் செப்பனிடப்பட்ட தாதுகோபங்கள், காடு மூடிய நிலையில் எவ்வாறு நின்றன என்பதற்கு அவர் படங்களே இன்று சான்று. சட்டைப்பையிலே படப்பெட்டியை வைத்துத் திரியும் நம் மாணவர் இவ்வுழைப்பை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.

நம் நகரத்து மூன்று கட்டடங்கள்

படம் என்ன பயன் தரும் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேடவேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரத்து மூன்று கட்டடங்களை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம். போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை ஐங்கோண வடிவிலே திருத்திக் கட்டினர். அதனுள்ளே 1706 இல் சிலுவை வடிவான தேவாலயம் ஒன்றை எழுப்பினர். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நின்ற அக்கட்டடம் 1990 ஆம் ஆண்டுப் போரிலே தகர்ந்தது. கோட்டையின் மதில்கள் பின்னர் திருத்தப்பட்டன, தேவாலயமோ கற்குவியலாயிற்று. நெல்சன் என்பார் இலங்கையிலுள்ள ஒல்லாந்தர் கோட்டைகளைப் பற்றி எழுதிய நூல் 1984 இல் வெளிவந்தது. அஃது அழிவுக்கு ஆறாண்டுகள் முந்தியது. அந்த ஆறாண்டு இடைவெளியின் அருமை இப்பொழுதுதான் விளங்குகின்றது.

இரண்டாவது, புகையிரத நிலையம். காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 1902 இல் வண்டி ஓடத்தொடங்கியது. 1905 இல் கொழும்போடு தொடர்பு ஏற்பட்டது. 1956 இல் யாழ்தேவி வந்தாள். 1990 இல் யாவும் நின்றன. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காவலரண்களுக்குப் போயின. கூரை போன நிலையக் கட்டடம், குண்டு துளைத்த சுவர்களோடு 24 ஆண்டுகள் நின்றது. 2014 ஒற்றோபரிலே புதிய நிலையம் திறக்கப்பட்டு வண்டி மீண்டும் வந்தது. அந்நாளிலே நகரம் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடித்தல் அரிது. ஆனால் இன்று எம் வகுப்பில் இருக்கும் மாணவருக்கு அப்பாழ்நிலையம் நினைவில் இல்லை. அதன் மேடையிலே புல் முளைத்திருந்தது என்று யாம் கூறின், அவர்கள் படத்தைக் கேட்கின்றனர்.

மூன்றாவது, பொது நூலகம். 1959 இல் திறக்கப்பெற்ற அந்நூலகம், 1981 ஆம் ஆண்டு மே மாதக் கடைசி நாளிரவு தீக்கிரையாயிற்று; ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எரிந்த கட்டடத்தை நினைவுச் சின்னமாக அவ்வாறே விட்டுப் புதியதொன்றைக் கட்டுதல் வேண்டும் என்பாரும், அதனையே திருத்துதல் வேண்டும் என்பாரும் அக்காலத்தில் இருந்தனர். பிற்காலத்திலே பழைய வடிவிலேயே அது புதுக்கப்பட்டு வெண்ணிறம் பூசப்பட்டு நிற்கின்றது. கரிபடிந்த சுவர் இன்று படத்தில் மாத்திரமே உண்டு.

புதுக்கியது தவறு என்று யாம் கூறுவதாக எவரும் எண்ணற்க. பயணிக்கு நிலையம் வேண்டும். மாணவனுக்கு நூலகம் வேண்டும். பாழ் பாழாகவே கிடத்தல் வேண்டும் என்பது, அங்கே குடியிருக்க வேண்டாதவன் கூறும் சொல். ஆயினும் இடிக்கும்போது ஒன்று மறைகின்றது; திருத்தும்போதும் ஒன்று மறைகின்றது. இரண்டுக்கும் முன்னர் ஒருவர் சென்று பதிந்து வைத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

‘கைவிடப்பட்ட’ என்னும் சொல்

இனி, சொல்லாசிரியர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். இத்தகைய கட்டடங்களைக் ‘கைவிடப்பட்ட கட்டடங்கள்’ என்று பத்திரிகைகளும் மாணவரும் ஒருங்கே எழுதுகின்றனர். கைவிடுதல் என்பது, காக்கவேண்டியதை மனமறிந்து நீங்குதல். அச்சொல்லில் ஒரு குற்றச்சாட்டு மறைந்து கிடக்கின்றது. நம் நகரத்து வெற்று வீடுகளை விட்டவர் யாவரும் மனமறிந்து விட்டவரோ?

முற்கூறிய மாணவரோடு யாமும் சில சனிக்கிழமைகளில் நகரத் தெருக்களிலே சென்றோம். ஒரு நாற்சார் வீட்டின் முன்னே நின்றபோது, அடுத்த வளவிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் வேலியருகே வந்து எம்மை விசாரித்தார். கைவிடப்பட்ட வீடுகளைப் படம் பிடிக்கின்றோம் என ஒரு மாணவன் கூறினான். அவர் அவனை விட்டு எம்மை நோக்கி, “மாஸ்ரர், உது விட்டிட்டுப் போன வீடில்லை. திறப்பு என்னட்டைக் கிடக்கு. தைப்பொங்கலுக்குப் பொங்கலுக்கு அந்தப் பிள்ளை கனடாவிலையிருந்து எடுத்து, கிணத்தடி மாமரம் நிக்குதோ எண்டு கேக்கிறது” என்றார். மாணவர் தலைகுனிந்தனர், யாமும் உடன் குனிந்தோம். கூரையின் ஒரு பக்கம் வீழ்ந்திருந்தது. ஆனால் அவ்வீட்டுக்குத் திறப்பு உண்டு, திறப்பைக் காப்பவர் உண்டு, மாமரத்தை விசாரிப்பவர் உண்டு.

நகரின் சோனகத் தெருவுக்குச் சென்றபோது இப்பாடம் மேலும் கடுமையாயிற்று. 1990 ஒற்றோபர் 30 ஆம் நாள், விடுதலைப் புலிகளின் கட்டளையால், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்துள் தம் வீடுகளை விட்டு வெளியேறவேண்டியவராயினர். அம்மாதத்திலே வடமாகாணத்தினின்றும் இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டவர். அடுத்த தலைமுறை புத்தளம் முதலிய இடங்களிலே வளர்ந்தது. மீண்டு வந்தோர் சிலர், வராதோர் பலர். கூரையும் கதவும் அற்று அத்தெருக்களில் நின்ற சுவர்களைக் ‘கைவிடப்பட்டவை’ என்று எழுதுதல், உண்மைக்கு முழுவதும் மாறானது. நம்மவர் செய்கையால் நேர்ந்த இவ்வெறுமையை நம் மாணவர் படம் பிடிக்கும்போது, அதன் கீழே அதன் காரணத்தையும் எழுதுதல் வேண்டும். நமக்கு நேர்ந்ததை மாத்திரம் எழுதி, நாம் நேர்வித்ததை விடுத்தல் பதிவாகாது.

ஐந்தாண்டுகள் சென்று, அதே ஒற்றோபர் 30 ஆம் நாளிலே, 1995 இல், வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சி நோக்கிச் சென்றமை மூத்த பழைய மாணவர் யாவரும் அறிந்ததே. நகரம் முழுதும் வெறுமையாயிற்று. அந்நாளில் இந்நகரத்து ஒவ்வொரு வீடும் பாழ்மனையே. அவற்றுட் பல மீண்டும் விளக்கேற்றப்பட்டன, சில ஏற்றப்படவில்லை. பாழ்மனைக்கும் நம் மனைக்கும் இடையேயுள்ள வேறுபாடு அவ்வளவே என்பதை மறவாதிருப்போமாக. ‘கைவிடப்பட்ட’ என்பதற்கு மாறாக, ‘குடியற்ற’, ‘குடிபெயர்ந்தோர்’ என அவ்வவ்விடத்து உண்மைக்கேற்ற சொல்லை ஆளுமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

கடல் கடந்த ஒரு நிலையம்

நம் புகையிரத நிலையத்தைப் பற்றிக் கூறினோம். அதனைப் போலவே பாழாகி மீண்ட இன்னொரு நிலையத்தின் வரலாறு, படம் பிடிப்போருக்கு நல்லதொரு பாடமாகும். அமெரிக்க நாட்டிலே மோட்டார்த் தொழிலாற் புகழ்பெற்ற டெற்றொயிற் நகரில் 1950 இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்தமையாலும், இனப்பிணக்காலும், வசதியுடையோர் புறநகருக்குச் சென்றமையாலும் அத்தொகை 2010 இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாகக் குறைந்தது. 1913 இல் திறக்கப்பெற்ற மிச்சிக்கன் மத்திய நிலையம், 18 மாடி கொண்ட பெருங்கட்டடம். 1988 இல் கடைசி வண்டி சென்றபின் அது வெறுமையாயிற்று. சாளரக் கண்ணாடி யாவும் உடைந்தன. செப்புக் கம்பிகளும் அலங்காரப் பொருள்களும் களவாடப்பட்டன.

உலகெங்குமிருந்து படப்பிடிப்பாளர் அங்கே திரண்டனர். அந்நகரத்துப் பாழ்களைக் காட்டும் பெரும் படநூல்களும் வெளிவந்தன. அவற்றின் அழகை எல்லோரும் வியந்தனர். ஆனால் அந்நகரத்தார் பலர் மனம் நொந்தனர். ஏழு இலட்சம் மக்கள் வாழும் நகரத்திலே மக்களே இல்லாத படங்களை மாத்திரம் காட்டினால், அந்நகரம் இறந்துவிட்டதென்றே உலகம் நம்பும் என்பது அவர்தம் மனக்குறை. படத்திலே பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் படச்சட்டத்துக்கு வெளியே நின்றவர் அனைவரும் மறைக்கப்பட்டனர். இதற்கு மாறாக, கமிலோ ஹொசே வெர்காரா என்னும் படப்பிடிப்பாளர், அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளுக்குப் பல்லாண்டுகளாக மீண்டும் மீண்டும் சென்று, அதே தெருவை, அதே கட்டடத்தை, அதே இடத்தில் நின்று படம் பிடித்துவந்தார். கடை கோயிலாவதும், கோயில் வெற்று நிலமாவதும் அவர் படவரிசையிலே காணக்கிடக்கின்றன. ஒருநாட் சென்று வியத்தலினும், பலநாட் சென்று பார்த்தல் மேலானது.

அந்நிலையத்தை இடிப்பதற்கு 2009 இல் நகரசபை தீர்மானித்தது, தீர்மானம் நிறைவேறவில்லை. 2018 இல் போர்ட் மோட்டார்க் கம்பனி அதனை வாங்கித் திருத்தி, 2024 ஜூன் மாதத்தில் மீளத் திறந்தது. வாங்கிய செய்தி வெளியான சின்னாட்களில், பெயர் கூறாத ஒருவர் தொலைபேசியில் பேசினாராம். பல்லாண்டுகளுக்கு முன்னர் நிலையத்திலிருந்து எடுக்கப்பட்ட மணிக்கூட்டைத் திருப்பித் தர விரும்புவதாகக் கூறி, அது வைக்கப்பட்ட இடத்தைக் குறிப்பிட்டார். சென்று பார்த்தபோது, எரிந்த கட்டடம் ஒன்றின் சுவரிலே, போர்வை சுற்றிச் சாத்திவைக்கப்பட்டிருந்தது மணிக்கூடு. கட்டடம் மீளும் என்று அதனை எடுத்தவர் எண்ணியிரார். எந்தப் பாழ்மனையும் மீளக்கூடும். ஆதலின் எந்தப் பாழ்மனையிலிருந்தும் ஓர் ஓட்டுத்துண்டையேனும் எடுத்தல் தகாது.

செய்யுமுறை

நிற்க. ஆர்வமுள்ள மாணவருக்கு உதவுமாறு, செய்யுமுறையைச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, அனுமதி. கதவில்லாத வீடும் ஒருவருடைய வீடே. உரியவரிடமோ, அவர் சார்பிற் பார்ப்பவரிடமோ கேளாது உட்புகுதல் அத்துமீறலாகும். அனுமதி கிடையாவிடில், தெருவில் நின்று தெரிவதை மாத்திரம் எடுத்து அமைதல் வேண்டும். தொல்பொருட் காவலில் உள்ள இடங்களிலும், படையினர் வசமுள்ள இடங்களின் அருகிலும், அறிவித்தற் பலகையை வாசித்து உரியோரிடம் கேட்டே செயற்படுதல் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. தனியே செல்லற்க. நம் நாட்டு வளவிலே பெரிய ஆபத்து பாம்பன்று, கிணறு. கட்டுச் சரிந்து கொடி மூடிய கிணறு, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. ஆதலின் வளவிற் புகுமுன் அயலவரிடம் கிணறு எத்திசையில் உள்ளதெனக் கேட்டறிக. போர் நடந்த மண்ணிலே, இரும்பாலான அறியாப் பொருள் எதனைக் கண்டாலும் தொடாது, காலாலும் தட்டாது, வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். மேல்மாடிக்கு ஏறற்க. நம் பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்தினால் ஆனது. கூரை போனால் ஆண்டுதோறும் மாரிமழை அச்சாந்தைக் கரைக்கின்றது. கறையான் தின்ற பனைமரம் வெளிக்கு முழுமையாகவே தோன்றும். ஆல், அரசு முதலியவற்றின் வேர் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே புகுந்து சுவரைப் பிளக்கின்றது. படத்திலே சுவரைத் தாங்குவதுபோல் தோன்றும் வேரே அதனை வீழ்த்தவும் வல்லது.

மூன்றாவது, படம் பிடித்தல். முதலில் தெருவோடு சேர்த்து முழுக் கட்டடத்தையும் எடுத்தல் வேண்டும், பின்னர் நாற்புறமும், அதன் பின்னரே வாயில், தூண், சாளரம் முதலிய பகுதிகளை எடுத்தல் முறை. ஆர்வமிகுதியாற் பலர் சிறு பகுதிகளை மாத்திரம் எடுத்து வந்துவிடுகின்றனர். அவற்றைக் கொண்டு வீட்டை அறிய இயலாது. படப்பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்குவனபோல் தோன்றும். ஆதலின் அதனை நேராகப் பிடித்து, வேண்டுமாயின் பின்னே சென்று நிற்க. காலையும் மாலையும் பக்கத்திலிருந்து விழும் வெயிலே சுவரின் வேலைப்பாட்டைப் புலப்படுத்தும். உச்சி வெயில் அதனை மறைத்துவிடும். இருண்ட அறையில் மின்னொளியைப் பாய்ச்சினால் யாவும் தட்டையாகத் தோன்றும். முக்காலியில் வைத்து, நீண்ட நேரம் ஒளிபடவிட்டு எடுத்தல் நன்று. அளவு விளங்குமாறு ஓரடி வரைகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தும் ஒரு படம் எடுக்க.

நான்காவது, குறிப்பு. இதுவே படத்தினும் முதன்மையானது. நாள், தெரு, எத்திசை நோக்கி நின்று எடுத்தது, வீட்டைப் பற்றிக் கூறியவர் யார், அவர் கூறியது என்ன என்பவற்றை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். சனிக்கிழமை கேட்டது திங்கட்கிழமை மறந்துபோம். படங்களை ஒரே கருவியில் வைத்திராது, குறைந்தது இரண்டு இடங்களிற் சேமித்தல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெற்று வீடு இன்ன இடத்தில் உள்ளதெனப் பலரும் அறிய வெளியிடுதல், கதவும் நிலையும் கழற்றுவோருக்கு வழிகாட்டுதலாக முடியும். கைத்தொலைபேசி இடக்குறிப்பையும் படத்தோடு பதிவுசெய்வதுண்டு. அக்குறிப்பைப் பதிவேட்டில் வைத்திருக்க. ஊருக்கு வெளியிடும் படத்திலிருந்து நீக்கிவிடுக.

ஒரு வீட்டின் தூண்கள்

இத்துணை வற்புறுத்திக் கூறுவதற்கு எமக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. வலிகாமம் வடக்கிலே எம் பெற்றோரின் வீடு இருந்தது. 1990 ஜூன் மாதத்தில் அதனை விட்டு வெளியேறியபோது எமக்கு வயது எட்டு. அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அடுத்தடுத்த இடப்பெயர்வுகளிலே குடும்பப் படத்தொகுப்பும் தொலைந்தது. பல்லாண்டுகளின் பின்னர் காணி விடுவிக்கப்பட்டுச் சென்று பார்த்தபோது, அங்கே வீடும் இல்லை, அத்திவாரமும் இல்லை, வேலியும் இல்லை, பற்றைக்காடே இருந்தது. எம் காணி எதுவெனக் காண்பதற்கே இரண்டு நாள் சென்றது. தலைவாசலில் இருந்த தூண்கள் உருண்டை என்று அம்மா கூறுவார். சதுரம் என்று அக்கா கூறுவார். எமக்கோ அத்தூணின் குளிர்மை மாத்திரமே நினைவில் உண்டு, வடிவம் நினைவில்லை. அப்பா இருந்திருப்பின் தீர்த்துவைத்திருப்பார். ஒரேயொரு படம் இருந்திருப்பினும் தீர்ந்திருக்கும்.

இதனை உணர்ச்சிப் பேச்சாக மாத்திரம் கொள்ளற்க. இந்நாட்டிலே 1871 ஆம் ஆண்டிலிருந்து நிலவும் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி, ஒருவர் பிறர் காணியை அவர் உரிமைக்கு மாறாகப் பத்தாண்டுகள் இடையூறின்றி ஆண்டுவரின், அதிலே தமக்கு உரித்துண்டென வழக்காடலாம். போரினால் வெளியேறி வழக்காட இயலாதிருந்தோருக்கு நிவாரணமாக, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அஃது இரண்டாண்டுக் காலத்துக்கே இடமளித்தது. உறுதியைத் தொலைத்தோரும், எல்லைக்கல்லைத் தொலைத்தோரும் நம்மிடையே மிகப் பலர். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பேடுகள் அந்நாளிலே காணியும் உடையவரும் இன்னாரெனக் காட்டின. நாளும் இடமும் குறித்த ஒரு படம் உறுதிக்கு ஈடாகாது. எனினும் இந்த இடத்தில், இந்த நாளில், இன்ன வீடு இவ்வாறு இருந்தது என்று அது சொல்லும். சொல்வதற்கு வேறொன்றும் இல்லாத குடும்பத்துக்கு அது சிறிதன்று.

ஆதலின் இவ்விழாக் காலத்திலே இரண்டு வேண்டுகோள்களை விடுக்கின்றோம். மாணவர்க்கு: நீங்கள் எடுத்த அழகிய படங்கள் வீண்போகவில்லை, அவ்வீடுகளுக்கு மீண்டும் செல்லுங்கள், அயலவரிடம் கேளுங்கள், பெயரும் நாளும் எழுதிக் கல்லூரி நூலகத்திலே ஒரு பதிவேடாக வையுங்கள். தமிழாசிரியராகிய யாம் எழுத்துப்பிழை திருத்தித் தருவோம். பழைய மாணவர்க்கு: கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் உங்கள் பெட்டிகளிலே பழைய படங்கள் கிடக்கும். திருமணப் படத்தின் பின்னணியில் ஒரு தலைவாசல் தெரியும்; பிறந்தநாட் படத்தின் ஓரத்தில் ஒரு சங்கடப்படலை தெரியும். முன்னே நிற்பவரைப் பார்த்தே பழகிய நாம், இனிப் பின்னே நிற்கும் வீட்டையும் பார்ப்போம். அவற்றின் பிரதியை எடுத்து, எந்த வீடு, எந்த ஊர், எந்த ஆண்டு என எழுதி அனுப்புங்கள். எழுதக்கூடியவர் இருக்கும்பொழுதே எழுதுவித்தல் வேண்டும்.

முதற் பதிவாக அந்த நாற்சார் வீட்டின் படங்களை மாணவர் சென்ற மாதம் ஒழுங்குசெய்தனர். அம்மையாரின் அனுமதியோடு உள்ளே சென்று, நாற்புறமும் எடுத்து, உரியவருக்கும் அனுப்பினர். ‘கைவிடப்பட்ட வீடு’ என்று முன்னர் எழுதிய மாணவன், அதனை வெட்டிவிட்டு, ‘திறப்பு அயல்வீட்டில் உள்ளது’ என எழுதியிருந்தான். கிணற்றடி மாமரத்தின் படமும் அத்தொகுதியில் உண்டு.